நன்னன் மலையில் ஒரு சாகசக் கதை

சிறார் வாசிப்பு: தொடர் – 11

பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும் கதைவகை ஒன்று உண்டு. காட்டிலோ தீவிலோ ஒரு பிள்ளை மாட்டிக்கொள்ளும். கையில் இருப்பது சொற்பம். தண்ணீர், தீ, சாப்பாடு, படுக்க இடம் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு உயிரோடு மீண்டு வரும். 1719-ல் டேனியல் டீஃபோ எழுதிய ‘ராபின்சன் குருசோ’ இந்த வகையின் மூதாதை. நம் காலத்தில் இதற்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது அமெரிக்கரான கேரி பால்சன் 1987-ல் எழுதிய ‘ஹாட்செட்’. விமானி மாரடைப்பில் இறந்துபோக, சிறு விமானம் கனடாக் காட்டுக்குள் ஓர் ஏரியில் விழுகிறது. அம்மா கொடுத்த கைக்கோடாரியை மட்டும் வைத்துக்கொண்டு பிரையன் என்ற 13 வயதுப் பையன் 54 நாள் தாக்குப்பிடிக்கிறான். தமிழில் சிறுவர் சாகசம் என்றால் பெரும்பாலும் மந்திரம், புதையல், துப்பறிதல்தான். வாண்டுமாமா இரண்டு தலைமுறைக்கு அந்த ருசியைக் காட்டினார். ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ பிள்ளைகளை இமயத்துக்கே கூட்டிப்போனது. ஆனால் நம் பக்கத்து மலையில் வழிதவறிய பிள்ளையின் கதை தேடினாலும் எளிதில் அகப்படாது. இந்தக் குறையைச் சொல்பவர்கள், தமிழுக்கும் ஒரு ‘ஹாட்செட்’ வேண்டும் என்கிறார்கள். அதைவிடப் பொருத்தமான மாதிரி நம்மிடமே இருக்கிறது என்பது என் வாதம். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் செங்கத்துக்குப் போகும் வழியைச் சொல்லும் பழம்பாட்டு அது.

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் 583 அடி கொண்டது. பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று கருதுவோர் உண்டு; அதில் வரும் சேயாறு இன்றும் செங்கத்தை ஒட்டி ஓடுகிறது. பரிசில் வாங்கித் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு மலைவழி சொல்வதுதான் பாட்டின் அமைப்பு. நன்னனின் புகழை ஒதுக்கிவிட்டு அந்த வழியை மட்டும் கவனித்துப் படித்தால், மலையில் உயிர்பிழைக்கும் பாடம் வரிசையாகக் கிடைக்கிறது. தினைப்புனத்தில் மேய வரும் பன்றிக்காகக் குறுகிய வழிகளில் கல்பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் நடக்காமல் விடிந்தபின் புறப்படு என்கிறது. பரணில் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவிலேயே போ என்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஆழ்ந்த மடுவின் ஓரத்தில் ஒருவரை ஒருவர் காத்தபடி கடக்கச் சொல்கிறது. இருட்டிவிட்டால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் மலைக்குகையில் நுழைந்து தங்கலாம். வழி தவறித் திகைத்தால் அகன்ற பாறைமேல் எல்லோரும் கூடி வாத்தியங்களை வாசிக்க வேண்டும். காடு காக்கும் கானவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, பழம் கொடுத்து, வழியில் சேர்ப்பார்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு குறிப்பு. பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ, பின்னால் வரும் புதியவர்களுக்கு உதவும் என்கிறது பாட்டு. ஆபத்தின் நடுவில் நிற்பவன் தனக்குப் பின்னால் வருபவனையும் நினைக்கிறான். குருசோவின் தீவில் இந்த நினைப்புக்கு இடமில்லை.

எது நிஜத்துக்கு நெருக்கமானது என்று பார்க்க அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. தாயும் மற்ற பெரியவர்களும் இறந்தார்கள். பழங்குடிப் பிள்ளைகள் நால்வர் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவைத் தின்றார்கள்; அது தீர்ந்ததும், எதைத் தின்னலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தது கைகொடுத்தது. கடித்துப் போட்ட பழமும் கால்தடமும் தேடியவர்களுக்குத் தடயமாயின. பாட்டியின் குரலைப் பதிவுசெய்து ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். ராணுவமும் பழங்குடித் தன்னார்வலர்களும் சேர்ந்து தேடி 40-வது நாள் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். முன்னோரின் அறிவு, வழியில் விட்ட அடையாளம், கூப்பிடும் குரல், தேடிவரும் காட்டு மனிதர் என மலைபடுகடாம் சொன்ன அத்தனையும் இதில் இருக்கின்றன. திருவண்ணாமலையின் புகழ்பெற்ற பயணம் ஒன்றிலும் இதே கதைதான். 1896 ஆகஸ்ட் 29 அன்று வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மூன்று ரூபாயோடு மதுரையை விட்டுக் கிளம்பினான். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர். வழியில் காசு தீர்ந்து, அறையணிநல்லூர் வரை நடந்து, பசியோடு கீழூர்க் கோயிலுக்குப் போனபோது கோயில் மேளக்காரர் ஒருவர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவும், கடுக்கனை அடகு வைத்ததில் நான்கு ரூபாயும் கிடைத்தன. செப்டம்பர் 1 அன்று பையன் திருவண்ணாமலையில் இறங்கினான். பக்தர்கள் இதை அருள் என்பார்கள். கதை எழுதுபவர் கவனிக்க வேண்டியது, அந்த மூன்று நாளில் அந்நியர்கள் கொடுத்த சோறும் காசும் இல்லாமல் அந்தப் பயணம் முடிந்திருக்காது என்பதை.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு சுவை பற்றியது. பிள்ளை தனியாக மாட்டிக்கொண்டால்தான் பரபரப்பு. கூப்பிட்டால் கானவர் ஓடிவருவார் என்றால் பக்கத்தை எதற்குப் புரட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ‘ஹாட்செட்’டையே ஊன்றிப் படித்தால் பிரையன் முழுக்கத் தனியாக இல்லை. நொறுங்கி உட்காரும் நேரத்தில் பள்ளி ஆசிரியர் சொன்னதை நினைத்துத்தான் எழுகிறான். கடைசியில் அவன் முடுக்கிய அவசரக் கருவியின் சமிக்ஞையைக் கேட்டு வந்த விமானிதான் அவனை மீட்கிறார். அந்த நாவலும் யாரோ சொன்ன சொல்லையும் யாரோ கேட்ட குரலையும் நம்பித்தான் நிற்கிறது. பையனின் திறமையை முன்னால் நிறுத்தி மற்றதைப் பின்னால் தள்ளியிருக்கிறது, அவ்வளவே. துணை இருந்தால் பதற்றம் குறையும் என்பதும் சரியில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்கும் 13 வயதுப் பெண்ணுக்குத் தன் பசி ஒன்று, தம்பி தங்கைகளின் பசி மூன்று. புல்லை முடிந்து வைத்தவன், அதை யாராவது பார்ப்பார்களா என்று தெரியாமலேதான் மேலே நடக்கிறான். கதாசிரியருக்கு இதைவிட நல்ல முடிச்சு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது மறுப்பு கனமானது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை நகரை ஒட்டிய அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீட்டின்மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, உயிர்பிழைக்கும் கதை படித்தால் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. எந்தக் கதையும் பாறையைத் தடுக்காது. சரிவில் வீடு கட்டும் நிலைமை ஏழைக்கு வராமல் பார்ப்பதும், மழைக்கு முன்பே ஆட்களை வெளியேற்றுவதும் அரசின் வேலை. ஆனால் இந்த மறுப்பு தனி வீரனின் கதையைத்தான் அதிகம் தாக்குகிறது. பிழைத்தவன் கெட்டிக்காரன் என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொன்னால், பிழைக்காத பிள்ளைக்குக் கெட்டிக்காரத்தனம் போதவில்லை என்ற அவதூறு அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். முன்னே போனவர் வழி சொல்ல வேண்டும், கூப்பிட்டால் கானவர் வர வேண்டும் என்று பேசும் கதையில் பொறுப்பு பிள்ளையின் தலையில் மட்டும் விழுவதில்லை. வழி சொல்லாதவர், சத்தம் கேட்டும் வராதவர் யார் என்ற கேள்வியையும் அது எழுப்பும். பேரிடர் நடந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்த சாகசக் கதை அதுதான்.

பெற்றோர் தரப்பில் ஒரு பயம் உண்டு: இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் மலையேறக் கிளம்பிவிடுவார்களே! மலைபடுகடாத்தின் அறிவுரைகளைத் திரும்பப் பாருங்கள். பாதிக்கு மேல் ‘நில், விடியட்டும், பிடித்துக்கொள், மறைந்து போ’ என்ற எச்சரிக்கைதான். ஆபத்தை விவரமாகச் சொல்லும் கதை அசட்டுத் துணிச்சலைக் குறைக்கும். மாயக் கம்பளத்தில் பறக்கும் கதைக்கு அந்த வேலை கிடையாது. சங்கப்பாட்டு பிள்ளைகளுக்குக் கடினம் என்பதும் உண்மை. யாரும் மூலத்தை அவர்கள் கையில் திணிக்க வேண்டியதில்லை. அதன் கட்டுமானத்தை எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டால் போதும். விவரங்களுக்கும் பஞ்சமில்லை. அண்ணாமலையில் கோடைதோறும் புல் காய்ந்து தீப்பிடிக்கிறது. காடு வளர்க்கும் ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளையினரும் மற்றவர்களும் ஏறி அணைக்கிறார்கள். அவர்களோடு இணைந்த மருதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலை பாடத்தின் ஒரு பகுதி. ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்கள். எழுத ஆட்களும் இருக்கிறார்கள்: 2021-ல் சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்ற மு. முருகேஷ் இதே மாவட்டத்து வந்தவாசிக்காரர். திருவண்ணாமலையிலேயே வம்சி பதிப்பகம் இருக்கிறது. கனடா ஏரியைக் கடன் வாங்கி எழுதினால் நமக்குக் கிடைப்பது நகல். தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்த காவலாளியிடமும், எந்தக் கிழங்கு கசக்கும் என்று அறிந்த மலைக்கிழவியிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினால், வேறெந்த மொழியும் தர முடியாத சிறுவர் நாவல் ஒன்று நமக்குக் கிடைக்கும். அப்படிக் கேட்டு எழுதும்போது உள்ளூர் அறிவை எங்கே கதையாக்குவது, எங்கே பாடமாகிவிடாமல் நிறுத்துவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.