தாதியர்க்குச் சமயப்பற்று வேண்டுமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் நம் ஊர்ப் பாட்டி, தண்ணீர் வேண்டுமென்றால் "சிஸ்டர்" என்றுதான் குரல் கொடுக்கிறாள். ஓடிவரும் பெண் இந்துவா, கிறிஸ்தவரா, முஸ்லிமா, எதையும் நம்பாதவரா என்பது பாட்டிக்குத் தெரியாது. ஆயினும் அவள் அழைத்த சொல் கன்னிமாடத்திலிருந்து வந்த சொல். ஐரோப்பிய நாடுகளில் பல நூற்றாண்டுக் காலம் நோயாளரைப் பேணியவர்களில் மிகப் பலர் துறவு பூண்ட சகோதரிகள். பிற்காலத்தில் பயிற்சியும் சம்பளமும் பெற்ற தாதியர் அவ்விடத்திற்கு வந்தபோதும் பெயர் மாறவில்லை. பெயர் நின்றதுபோல் சமயப்பற்றும் நிற்கவேண்டுமா என்பதே நாம் ஆராயப்புகும் கேள்வி.

கல்கத்தாவில் (இன்று கொல்கத்தா என எழுதுகிறோம்) வாழும் தமிழ் மாணவர்க்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற நாம், மேலும் சிறிது தூரம் நடந்தால் காளிகட்டம் வந்துவிடும். அங்கே காளி கோயிலை ஒட்டினாற்போல் நிற்கிறது 'நிர்மல் ஹிருதய்'. இக்கேள்வியைப் பற்றி உலகில் நடந்த வாதங்களுள் பெரியதொன்று அவ்வீட்டைச் சுற்றி நடந்ததே. அதற்குப் பின்னர் வருவோம்.

என் கருத்தை முன்னரே கூறிவிடுகிறேன். ஒருவரை நோயாளியின் அருகே கொண்டுவந்து நிறுத்தும் வலிமை சமயப்பற்றுக்கு உண்டு. அங்கே நின்றபின் செய்யவேண்டியதை அது கற்றுத்தருவதில்லை. அதைத் தனியே படித்தறிய வேண்டும்.

நம் முன்னோர் இதை எப்படிப் பார்த்தனர்? வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே எண்ணுகிறார். சரக சம்ஹிதை இன்னும் ஒருபடி மேலே சென்று, பணிவிடை செய்பவனுக்கு வேண்டிய குணங்களையும் நான்காக வகுக்கிறது: பேணும் முறையை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. பக்தி அந்நான்கில் இல்லை. தெய்வத்தை மிகுதியாகப் பேசும் ஒரு நாட்டின் பழைய மருத்துவ நூல் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஏட்டில் இப்படி இருந்தும் நடைமுறை வேறாக இருந்தது. பிறர் உடம்பின் கழிவைத் தொடுவது தீட்டு. மகப்பேறு பார்ப்பது தாழ்த்தப்பட்டவர் வேலை. அயல் ஆடவனுக்குப் பணிவிடை செய்யும் பெண் குடும்பப் பெண்ணல்லள். இத்தகைய எண்ணங்களால் 'நல்ல குடும்பங்கள்' தம் பெண்களை இவ்வேலைக்கு அனுப்பவில்லை. அதனால் சுதந்தரத்திற்கு முன்னர் நம் நாட்டில் பயிற்சி பெற்ற தாதியருள் பெரும்பாலோர் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே. 1946-இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை, நாடு முழுவதிலும் சுமார் 7,000 தாதியரே உள்ளனர், அதாவது 43,000 பேருக்கு ஒருவர், என்று கணக்குக் காட்டியது. தீட்டுக்காக நாம் கொடுத்த விலை அது.

வேலூரை நினைத்துப் பாருங்கள். இடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி கேட்டு வந்தனர். டாக்டரான தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் அவர். ஆடவர் பார்க்கலாகாது என்று அவர்கள் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். கிறிஸ்தவப் பற்று மிக்க குடும்பத்தில் பிறந்த அம்மையார் அதன்பின் நேரே தொண்டுக்கு இறங்கவில்லை. அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் ஒரே ஒரு கட்டிலுடன் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1909-இல் தாதியர் பள்ளி வந்தது. 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் நம் நாட்டின் முதல் தாதியர் பட்டப்படிப்புகள் தொடங்கின. அந்த ஓரிரவில் மூன்று உயிர்களைத் தடுத்ததும் சமய ஒழுக்கம் என்ற பெயரால் வந்த கட்டுப்பாடே. ஒரு பெண்ணைப் படிக்கத் தூண்டியதும் சமயப்பற்றே. இரண்டையும் மறைக்காமல் கூறவேண்டும்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் கதை யாவரும் அறிந்தது. பதினாறு வயதில் இறைவன் தம்மை அழைத்ததாக நம்பியவர் அவர். 1854-இல் கிரிமியப் போரின்போது ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்கு அவருடன் சென்ற 38 பெண்களில் 24 பேர் சமய இல்லங்களைச் சேர்ந்தவர்கள். 14 பேரே ஆஸ்பத்திரி நர்ஸ்கள். எந்தச் சபைக்கு எத்தனை இடம் என்று லண்டனில் சச்சரவு நடந்துகொண்டிருந்த வேளையில், ஸ்குடாரியில் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தனர். 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்றிருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு 2 ஆயிற்று. இடையில் நடந்தது என்ன? மார்ச்சு மாதத்தில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைக் கழுவி, காற்று வர வழி செய்தது. நைட்டிங்கேல் அம்மையார் இதைப் புள்ளிவிவரங்களால் உணர்ந்துகொண்டார். 1860-இல் அவர் பெயரால் லண்டன் புனித தாமஸ் ஆஸ்பத்திரியில் எழுந்த பள்ளி எந்தச் சபைக்கும் உரியதாக இல்லை.

பாரதியார் குருவாகக் கொண்டாடிய நிவேதிதை தேவியை நாம் தேசபக்தியோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் இந்நகரில் பிளேக் நோயாளரைப் பேணியவர் என்பதைப் பலர் அறியார். 1899-இல் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கிய பிளேக் நிவாரணத்திற்கு அவரே காரியதரிசி. பாக்பஜார்ச் சேரியில் ஒரு குழந்தைக்கு நோய். காலையில் பார்த்துச் சென்ற டாக்டர் ராதா கோவிந்த கர் (ஆர். ஜி. கர் ஆஸ்பத்திரி இவர் பெயரால் வழங்குவதே) பிற்பகலில் திரும்பி வந்தபோது, ஈரக் குடிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிவேதிதை அமர்ந்திருக்கக் கண்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டியிருந்தபோது அவரே ஏணி வைத்து ஏறினாராம். குழந்தை பிழைக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கிளாசிக் தியேட்டரில் பிளேக்கும் மாணவர் கடமையும் பற்றி அவர் பேசியதைக் கேட்டுச் சுமார் பதினைந்து மாணவர்கள் தெருத் துப்புரவுக்குப் பெயர் கொடுத்தனர். சுண்ணாம்பும் துடைப்பமும் அக்காலச் சுகாதார அறிவு. பக்தி அவற்றை ஏந்திக்கொண்டு வந்தது.

இப்பொழுது காளிகட்டத்திற்கு வருவோம். அன்னை தெரேசா லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறியது 1948-இல். உடனே பாட்னா சென்று மருத்துவச் சகோதரிகளிடம் சில மாதம் பயிற்சி பெற்றார். தம் சகோதரிகள் ஏழைகளைப்போல் சோறும் உப்பும் மட்டுமே உண்ணவேண்டும் என்று அவர் எண்ணியிருந்தாராம். அப்படிச் செய்தால் காசநோய் வந்து இறந்துபோவார்கள், பிறகு ஏழைகளை யார் பார்ப்பது என்று பாட்னாச் சகோதரிகள் எடுத்துரைத்தனர், அவரும் ஒப்புக்கொண்டார். இச்சிறு செய்தி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1952 ஆகஸ்டில், கல்கத்தா நகரசபை தந்த யாத்திரிகர் விடுதியில், தெருவில் சாகக் கிடந்தவர்களுக்கான இல்லம் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரிகள் ஏற்காதவர்களை அவ்வீடு ஏற்றது. புழு நெளியும் புண்ணைக் கழுவ ஆள் கிடைத்தது. இதைக் குறைத்து மதிப்பிடுபவர் அந்தப் புண்ணின் அருகில் ஒரு நாழிகை உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆயினும் 1994-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியராயிருந்த ராபின் பாக்ஸ் அங்கு வந்து பார்த்து எழுதியதையும் தள்ளிவிட முடியாது. தூய்மையையும் புண்ணைப் பேணும் கவனத்தையும் அன்பையும் அவர் பாராட்டினார். ஆனால் கடும் வலியை அடக்கும் மருந்து அங்கில்லை. கடுங்காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு ஏதோ மாத்திரைகள் கொடுத்திருந்தனர். பிறகு வந்த டாக்டர்தான் மலேரியாவாக இருக்கலாமென்று மருந்தை மாற்றினார். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்திருக்கலாமே என்பது பாக்ஸின் கேள்வி. திட்டத்தைவிட இறையருளையே அவ்வில்லம் நம்பியிருந்தது என்பதும் அவர் கண்டது. ஒன்று சொல்லவேண்டும்: 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பிறகு இந்தியா முழுவதிலுமே மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே குற்றம் முழுவதையும் அச்சகோதரிகள் மேல் சுமத்துவது முறையன்று. ஆனால் இரத்தச் சோதனைக்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

இதற்கு இணையாக வேறொன்றைக் காட்டுவேன். சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கில அம்மையார் நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற தாதி. ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். சாகும் நோயாளரின் வலி அவரைத் தூங்கவிடவில்லை. மீண்டும் கல்லூரி சென்று 1957-இல் டாக்டரானார். லண்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய புனித ஜோசப் இல்லத்தில், வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், மணிப்படி அளவறிந்து மார்பின் கொடுக்கும் முறையைக் கையாண்டு, விளைவைக் குறித்துவைத்தார். 1967-இல் அவர் திறந்த புனித கிறிஸ்டோபர் இல்லத்தைப் பார்த்தே உலகெங்கும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. அங்கும் பேணியவர்கள் கன்னியாஸ்திரீகள், இங்கும் கன்னியாஸ்திரீகள், ஜெபமும் ஒன்றே. வலியைப் பாடமாக எடுத்துப் படித்ததே வேறுபாடு.

சமயப்பற்று இல்லாதவர் இப்பணியில் நிலைத்திருப்பாரா என்று சில பெரியவர்கள் ஐயுறுகின்றனர். 2011 டிசம்பர் 9 அன்று தாக்கூரியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தீப்பிடித்தபோது தொண்ணூறு பேருக்குமேல் இறந்தனர். கேரளத்திலிருந்து வந்த இரண்டு இளம் தாதியர் தம் வார்டிலிருந்து எட்டு நோயாளரை வெளியேற்றிவிட்டு, ஒன்பதாமவரைக் காப்பாற்ற முயன்றபோது புகையில் மடிந்தனர். அவர்களை அப்படி நடக்கச் செய்தது வேண்டுதலா, பயிற்சியா, அந்நோயாளிகளோடு பழகிய பழக்கமா என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரவு முறைக்கு மூன்று பேர் வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தி, தொண்டு என்று புகழ்ந்து, சம்பளத்தைக் குறைக்கிற நிர்வாகிகள் இந்நாட்டில் உண்டு. 'தியாகம்' என்ற சொல்லை அவர்கள் வாயில் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

தாதியின் நம்பிக்கையைவிட நோயாளியின் நம்பிக்கையே வார்டில் அன்றாடம் எதிர்ப்படுவது. இங்கிலாந்தில் ஒரு நர்ஸ், தாம் பேணிய மூதாட்டியிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டதற்காக 2008 டிசம்பரில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, 2009 பிப்ரவரியில் திரும்ப அழைக்கப்பட்டார். தண்டனை மிகை என்பேன். எனினும், மருந்துக்கும் மலசலத்துக்கும் ஒருவர் கையை நம்பிக் கிடப்பவர் அக்கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்வது எளிதன்று. நோயாளியே கேட்டால் வேறு செய்தி. வங்காளத்து முதியவர் இறுதி வேளையில் கங்கை நீர் கேட்பார். விழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கலாம். ஆபரேஷன் காலையில் நம் வீட்டார் கொண்டுவரும் கோயிற் பிரசாதத்தை வாங்கித் தலைமாட்டில் வைத்து, உண்ணலாமென்று டாக்டர் சொன்னபின் கொடுக்கலாம். ரம்ஜான் நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளியின் இன்சுலின் வேளையை முன்கூட்டியே டாக்டரிடம் பேசவேண்டும். இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசிமருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்பதும் சிலரிடம் சொல்லிக் கேட்கவேண்டிய செய்தி. டாக்டர் வார்டில் நிற்பது சில நிமிஷம். இவற்றையெல்லாம் கேட்பவரும் சொல்பவரும் பெரும்பாலும் நர்ஸே.