உச்சக் கேள்வியும் டபிளும்

இலங்கையின் நானுஓயாவில் புறப்பட்டு, நுவரெலியாவையும் கந்தப்பளையையும் கடந்து இராகலை வரை சென்று, 1948இல் மூடப்படும்வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த அந்தக் குறுகிய இரயில் பாதைக்கு உடப்புசல்லாவையின் பெயரே வழங்கிற்று. அப்பாதை ஓடிய காலத்தில், 1925இல் அமெரிக்கராகிய ஹெரால்ட் வாண்டர்பில்ட் வகுத்த கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம் ஆங்கிலேயர் வாழ்ந்த தேசங்களெல்லாம் பரவி, மலைநாட்டுத் துரைமாரின் கிளப்புகளிலும் குடியேறியது. 1876இல் தோன்றிய நுவரெலியா ஹில் கிளப் போன்ற அந்த மண்டபங்களின் வாயில் நெடுங்காலம் இந்நாட்டவர்க்குத் திறவாதிருந்தமையால், தோட்டத்து மக்கள் அவ்வாட்டத்தை அறிய வழியின்றிப் போயிற்று. ஆயினும், 32 சீட்டுகளைக் கொண்டு 304 என்னும் ஆட்டம் ஆடிப் பழகிய எவருக்கும், எதிரே அமர்ந்த கூட்டாளியை நம்பிக் கேள்வி கேட்பதும், துரும்பு குறிப்பதும் புதியன அல்ல. ஆகவே பிரிட்ஜின் மிக நுட்பமான பிரச்சினை ஒன்றை அவர்க்கு விளக்குதல் கடினமன்று.

பிரிட்ஜில் நால்வர்க்கும் தலைக்கு 13 சீட்டு. முதற்படிக் கேள்வி ஏழு பிடிகளுக்கு உத்தரவாதம். நாலாம் படிக் கேள்வி பத்துக்கு. ஏழாம் படி பதின்மூன்றுக்கும். வலிய கை வாய்த்தவர் கீழ்ப்படியில் தொடங்கிக் கூட்டாளியுடன் படிப்படியாகச் சம்பாஷித்து மேலேறுதலே சம்பிரதாயம். அப்படியிருக்க, ஏஸும் ராஜாவும் அதிகம் இல்லாமல், ஒரே இனத்தில் ஏழு சீட்டு வைத்திருப்பவர் மூன்றாம் படியிலும், எட்டு வைத்திருப்பவர் நாலாம் படியிலும் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுவதுண்டு. பிரியெம்ட் எனப்படும் இக்கேள்வியின் நோக்கம் வெல்வதன்று. எதிரணியினர் தம்முள் பேசிக்கொள்ளும் படிகளைப் பறித்து, அவர்களை இருளில் தீர்மானிக்கச் செய்வதே. இதற்கும் ஓர் அளவு உண்டு. கூட்டாளி எதுவும் தராவிட்டாலும், பரிசும் தண்டமும் மிகும் வல்னரபிள் நிலையில் இரண்டு பிடிக்கும், அந்நிலை இல்லாதபோது மூன்று பிடிக்கும் மேற்படக் குறையலாகாது என்று பிரிட்ஜ் வல்லுநர் எலி கல்பர்ட்சன் வகுத்த விதியின்படி, எதிரணி 'டபிள்' என்று கூறித் தண்டத்தைப் பெருக்கினாலும் நஷ்டம் 500 புள்ளியோடு நிற்கும். வல்னரபிளான எதிரணி ஸ்பேடில் பத்துப் பிடி எடுத்து 620 பெறுவதைத் தடுத்தால் அது லாபமே.

இத்தகைய கேள்வியை எதிர்கொள்பவர் கையில் நல்ல சீட்டுகள் இருக்குமாயின், தண்டிக்க வேண்டும் என்ற ஆவேசத்தால் 'டபிள்' என்று கூறிவிட மனம் துடிப்பது இயற்கை. ஆனால் உயர்ந்த படியில் செய்யும் டபிள் பிரதானமாகத் தண்டனை அன்று. அது கூட்டாளியை நோக்கிய வினா. 'எதிரியின் துரும்பு என்னிடம் சொற்பம். மற்ற மூன்று இனங்களிலும் எனக்குப் பலம் உண்டு. உன் கையைப் பார்த்து நீயே முடிவு செய்' என்பதே அதன் பொருள். எனவே எதிரியின் இனத்தில் சீட்டுக் குறையக் குறைய டபிள் செய்யும் நியாயம் வலுக்கிறது.

வலப்புறத்தவர் நாலு ஹார்ட் கேட்டதாகக் கொள்வோம். உம் கையில் ஸ்பேடில் ஏஸ், ராணியுடன் நாலு சீட்டு, ஹார்ட்டில் ஒரே ஆறு, டயமண்டில் ராஜா, ராணியுடன் நாலு, கிளப்பில் ஏஸ், ஜாக்குடன் நாலு எனப் பெரிய சீட்டுகளின் மதிப்பில் பதினாறு புள்ளி இருந்தால், தயக்கமின்றி டபிள் செய்யலாம். கூட்டாளி ஸ்பேட் கேட்டாலும் உம் கை தாங்கும், பாஸ் சொல்லி எதிரியை ஆடவிட்டாலும் உம் ஏஸுகள் பிடி தரும். மாறாக, ஸ்பேடில் இரண்டே சீட்டும், ஹார்ட்டில் ராணி, ஜாக், ஒன்பதும் அடங்கிய பதினாலு புள்ளிக் கை என்றால், துரும்பில் பிடி இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் டபிள் சொல்வது பிழை. கூட்டாளி அதனை வினாவாகக் கொண்டு, ஐந்து மெலிந்த ஸ்பேடுகளுடன் நாலு ஸ்பேட் கேட்டு அகப்பட்டுக்கொள்வார். அவர் பேசாதிருந்தாலும், துரும்பு எங்கே குவிந்திருக்கிறது என்பதை எதிரிக்கு நீரே அறிவித்தவர் ஆவீர்.

கணக்கும் இதனையே வற்புறுத்துகிறது. வல்னரபிள் அல்லாத எதிரியின் நாலு ஹார்ட் ஒரு பிடியால் வீழுமானால் டபிள் இன்றி 50, டபிளுடன் 100. ஈடேறுமானால் டபிள் இன்றி 420, டபிளுடன் 590. ஐம்பது புள்ளி ஆதாயத்தின் பொருட்டு 170 புள்ளியைப் பணயம் வைப்பது விவேகமன்று. மூன்று பிடியால் வீழும்போதோ 150 என்பது 500 ஆகிறது. டபிளின் பலன் அங்கேதான் பெருகுகிறது.

படி உயர உயர டபிளின் தன்மையும் மாறுகிறது. மூன்றாம் படிக் கேள்விக்கு, இனப் பங்கீடு செம்மையாயிருப்பின் பதின்மூன்று புள்ளியும் போதும். கூட்டாளி பெரும்பாலும் ஏதேனும் ஓர் இனத்தைக் கேட்பார். நாலு ஹார்ட்டுக்குச் செய்யும் டபிளில் ஸ்பேட் இருக்குமென்று அவர் எதிர்பார்ப்பார். நாலு ஸ்பேடுக்கு டபிள் செய்தாலோ, அவர் பேச வேண்டுமாயின் ஐந்தாம் படி ஏறிப் பதினொரு பிடிக்கு உத்தரவாதம் தரவேண்டியிருத்தலால், சமநிலையான கை உள்ளவர் பாஸ் சொல்வதே முறை; நீண்ட இனம் உடையவரே விலகிச் செல்லலாம். ஆகையால் அங்கே டபிள் செய்பவரிடம் உறுதியான பிடிகள் இருந்தாக வேண்டும். இரண்டு நீண்ட இனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல விரும்புவோர்க்கு நாலு நோ ட்ரம்ப் என்னும் கேள்வி இருக்கிறது. ஐந்தாம் படிக் கேள்விகளில் டபிள் ஏறக்குறையப் பலத்தின் அறிவிப்பாகவே ஆகிவிடுகிறது. கூட்டாளி காரணமின்றி அதைக் கலைத்தல் கூடாது.

இங்கே ஒழுக்கமும் இடம்பெறுகிறது. நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்வதே, 'என்னிடம் ஏதோ இருக்கிறது' என்று கூட்டாளிக்கு உணர்த்திவிடும். அவ்வாறு பெற்ற சேதியைப் பயன்படுத்துதல் ஆட்ட விதிகளுக்கு விரோதம். அதனாலேயே, எதிரி தாவிக் கேட்டதும், கை நல்லதாயினும் தீயதாயினும் ஒரே அளவு நிதானித்துப் பேசுதல் போட்டிகளில் நியதியாயிற்று. தன் முகத்தையும் குரலையும் இவ்வாறு ஆளப் பழகியவனே டபிள் செய்ய யோக்கியன் என்பது என் துணிபு.

2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், அறுபது வயதான பிரணாப் பர்தனும் ஐம்பத்தாறு வயதான சிப்நாத் சர்க்காரும் ஆடவர் இரட்டையர் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். கூட்டாளிகளிடையே முதிர்ந்த புரிதல் இளமையின் வேகத்தை விஞ்சும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரிட்ஜ் பழக விரும்பும் அன்பர்கள், ஆடத் தொடங்குமுன் கூட்டாளியோடு அமர்ந்து, எந்தப் படிவரை டபிள் வினா, எந்தப் படியில் அது பலத்தின் அறிவிப்பு என்பதைப் பேசி முடிவு செய்துகொள்க. அதன்பின் சந்தேகம் வந்தால் துரும்பு குறைந்த கையில் டபிள் செய்க, துரும்பு நிறைந்த கையில் பாஸ் சொல்க. முடிவு எதுவாயினும், கூட்டாளியை ஒருபோதும் நிந்திக்காதிருங்கள்.