குருளையும் நெல்மணியும்

நாயின் இளமைப் பெயர் குருளை என்பது தொல்காப்பிய மரபியல் கற்றார் அறிந்தது. பன்றி, புலி, முயல் என்பவற்றோடு நாயையும் ஒருங்கு வைத்து ஆசிரியர் அப்பெயரை வழங்கினார். வெள்ளவத்தையில் எம் அயல்வீட்டுக்கு வந்த குருளை ஒன்றிற்கு நேர்ந்ததையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

குருளை வந்து சில நாளிலேயே அவ்வீட்டாருக்கு இலண்டன் செல்ல விசாவும் வந்தது. நாயின்றித் தான் வரமாட்டேன் என்றாள் மகள். அவள் என்னிடம் தமிழ் கற்பவள்.

“ஐயா, நாய்க்கு மைக்ரோசிப் போடவேணுமாம். அதுக்குத் தமிழ் என்ன?” என்று ஒருநாள் வினவினாள்.

“நுண்சில்லு” என்றேன்.

“சைக்கிள் சில்லோ, ஐயா?” என்று சிரித்தாள்.

அவள் சிரித்ததிற் பிழையில்லை. தமிழகத்தார்க்குச் சில்லு என்பது உடைந்த சிறு துண்டு. நமக்கோ அது வண்டியின் உருளை. ஒரு மொழியாயினும் கடல் குறுக்கிட்டாற் சொல் இவ்வாறு திரிந்துவிடுகின்றது.

அந்நுண்சில்லு 12 மில்லிமீற்றர் அளவு நீளமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய கண்ணாடிக் குழல்; பார்வைக்கு ஒரு நெல்மணி போன்றது. அதனுள் மின்கலம் இல்லை. வாசிக்குங் கருவியை அருகிற் பிடித்தால், அக்கருவி விடுக்கும் வானொலி அலையின் வலுவைப் பெற்றே தன் பதினைந்து இலக்கங்களை அது தெரிவிக்கும். நாய் எங்கே நிற்கின்றது என்று சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. பலர் அவ்வாறு எண்ணி ஏமாறுகின்றனர். தோள்களின் நடுவே, தோலின்கீழ், தடித்த ஊசியால் இதனைச் செலுத்துவர்.

குருளைக்கு எட்டு வாரம் நிறைந்தபோது ஒரு மிருக வைத்தியசாலையிற் சில்லு இட்டனர். இலக்கம் அச்சிட்ட ஒட்டுத்தாளைப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்தனர். இட்டபின் கருவியைப் பிடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தாரில்லை. அன்றிரவு குருளை சாக்கு விரிப்பிற் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் படுத்தது. ஊசித் துளையில் ஒரு துளி இரத்தம் கண்ட மகள் அஞ்சினாள். “ஊசி போட்டால் அப்படித்தான் பிள்ளை” என்றார் தாயார். மூன்றாம் நாள் அவ்விடம் வீங்கிச் சுட்டது; வேறொரு மிருக வைத்தியர் மருந்து கொடுக்க, ஒரு வாரத்தில் வற்றியது. யாவரும் அதனை மறந்தனர்.

இரத்தம் கசிதலும், ஓரிரு நாள் சிறு தடிப்பு இருத்தலும் இயல்பு. தடிப்புப் பெருத்துச் சூடேறிச் சீழ் கொண்டால் அது கிருமி புகுந்த அடையாளம். இவற்றினுங் கொடியது ஒன்று உண்டு. இளங்குருளையின் உடல் ஒரு கைக்குள் அடங்குவது. ஊசியோ வளர்ந்த நாய்க்கு இடும் அதே ஊசி. இடும்போது அது துள்ளினால் ஊசி ஆழப் பாயும். சிறிய நாய்களிலும் பூனைக்குட்டிகளிலும் சில்லு முள்ளந்தண்டின் உட்கால்வாய்க்குள் புகுந்து கால்கள் தளர்ந்த செய்திகள் மிருக வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளன. ஊசியிட்டபின் குருளை தள்ளாடி நடந்தாலும், கால் இழுத்தாலும், ஈறு வெளிறினாலும் விடியட்டும் என்று இருத்தலாகாது. இவை மிக அரியன. 8 மில்லிமீற்றர் நீளமே உடைய சிறு சில்லுகளும் இன்று உள. சின்னஞ்சிறு குருளைக்கு அதனைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் என்ன?

பிரித்தானியச் சிறுபிராணி மிருக வைத்தியர் சங்கம் 1996 முதல் இத்தகைய முறைப்பாடுகளைப் பதிந்து வந்தது. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகள் சில்லுப் பெற்றிருந்த காலத்தில் வந்தவை 391. அவற்றுள் 229 சில்லு இடம்பெயர்ந்தமை பற்றியவை. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்குச் சில்லு கட்டாயமாயிற்று. சில்லினால் தீங்கு நேரினும், அது இடம் மாறினும், பழுதுறினும் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் அச்சட்டத்திலேயே எழுதி வைத்தனர். இட்டவன் கடமை ஊசியோடு முடியவில்லை என்று சட்டமே கருதியது எனக்கு மிகவும் உவப்பாயிருந்தது. நம் நாட்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இல் இயற்றப்பட்டது. சில்லு அக்காலத்தார் கனவிலும் காணாதது.

நம் நாட்டிலிருந்து பிரித்தானியா செல்லும் நாய்க்கு ஒரு வரிசை உண்டு. முதலிற் சில்லு; பன்னிரண்டு வாரம் நிறைந்தபின் விசர்நோய்த் தடுப்பூசி; குறைந்தது முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை; இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. தடுப்பூசி எந்த நாய்க்கு இடப்பட்டது என்பதற்குச் சில்லின் இலக்கமே சான்று.

அயல்வீட்டார் தடுப்பூசியும் இட்டு, இரத்தம் எடுக்குமாறு குருளையைக் கொண்டுசென்றனர். அங்கிருந்த வைத்தியர் கருவியைத் தோளிற் பிடித்தார், ஓசை இல்லை. முதுகிலும், விலாவிலும், சில்லு இறங்கி நிற்கக்கூடிய முன்னங்கால் மூட்டுவரையிலும் தேடினார். எக்ஸ்ரே எடுத்தும் உடலெங்கும் சில்லைக் காணவில்லை. இட்ட அன்றே ஊசித் துளைவழி அது நழுவியிருத்தல் வேண்டும். சாக்கில் விழுந்த நெல்மணியைக் காலையில் அரிசியென்றோ குப்பையென்றோ எண்ணிக் கூட்டியெறிந்த தாயார் அன்று வைத்தியசாலை வாங்கிலிருந்து அழுததை மகள் எனக்குச் சொன்னாள்.

சில்லற்ற நாய்க்கு இட்ட தடுப்பூசி கணக்கில் இல்லை. மீண்டுஞ் சில்லு, மீண்டுந் தடுப்பூசி, மீண்டும் முப்பது நாள். விமானச் சீட்டோ முன்னரே எடுத்தாயிற்று. குருளையைக் கொட்டாஞ்சேனையிற் பெரியம்மா வீட்டில் விட்டுக் குடும்பத்தார் சென்றனர்.

இரண்டாம் சில்லு இட்ட அன்று மகள் தானே கருவியைக் கேட்டு வாங்கிப் பிடித்தாளாம். ஓசை எழுந்தது. திரையில் வந்த பதினைந்து இலக்கங்களையும் ஒட்டுத்தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தமிழ்க் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இப்பொழுது இலண்டனிலிருந்து தொலைபேசியிற் பேசும்போதெல்லாம், அந்த இலக்கத்தைச் சொல்லி, இம்மாதம் கருவி பிடித்துப் பார்த்தீர்களா என்று பெரியம்மாவைக் கேட்கின்றாள். குருளை வளர்ந்து நாயாகிவிட்டது. இரத்தம் எடுத்து இரண்டு மாதம் ஆகின்றது.