கார்ட்டூன் படங்களில் புகைவண்டி

இளமையில் கண்ட கார்ட்டூன் படங்களை நினைவுகூர்வோர் மனத்தில் எலியும் வாத்தும் மட்டுமன்றி, மூச்சிரைக்க மலையேறும் புகைவண்டியும் நிற்கும். இரும்பாலான எஞ்சினுக்கு உயிர் வந்தது எவ்வாறு? அது ஓவியரின் வெறுங் கற்பனை அன்று. நீராவி எஞ்சினின் இயல்பிலேயே அதற்கு இடம் இருந்தது.

பிற இயந்திரங்கள் பல தம் உழைப்பை மூடிக்குள் மறைத்துக்கொள்ளும். நீராவி எஞ்சினோ அதனை வெளியே காட்டும். கொதிகலனில் பிறந்த ஆவி சிலிண்டரில் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது; அதனோடு பிணைந்த தண்டு முன்னும் பின்னும் சென்று சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த ஆவி புகைப்போக்கி வழியே வெளியேறும்போது 'குப்' என்னும் ஓசை எழுகிறது. இரண்டு சிலிண்டர்கள் உடைய எஞ்சினில், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் இவ்வோசை நான்கு முறை கேட்கும். ஏற்றத்தில் அது தளர்ந்து கனக்கும். இறக்கத்தில் இலேசாகி விரையும். தண்டைக் கையாகவும் ஆவியை மூச்சாகவும் ஓவியர் கொண்டதற்கு இவையே காரணம்.

ஓசையே சொல்லாக நிற்பதை ஒலிக்குறிப்புச் சொற்களில் காண்கிறோம். வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1941-இல் வெளியிட்ட 'டம்போ' என்னும் படம் அதற்கும் ஒருபடி மேலே சென்றது. அதில் சர்க்கஸ் கூட்டத்தை இழுத்துச் செல்லும் 'கேசி ஜூனியர்' என்னும் சிறிய எஞ்சின், தன்னால் முடியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மலையேறுகிறது. இதற்குச் 'சோனோவாக்ஸ்' என்னும் கருவி உதவியது. நடிப்பவரின் தொண்டையில் சிறு ஒலிபெருக்கிகளை அழுத்தி, எஞ்சின் ஓசையை உள்ளே செலுத்துவர். அவர் குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைப்பார். எஞ்சினின் ஓசை அவர் நாவால் சொல்லாகி வெளிவரும்.

'கேசி ஜூனியர்' என்னும் பெயருக்குப் பின்னே உண்மை மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் கேசி ஜோன்ஸ் என்னும் அமெரிக்க எஞ்சின் ஓட்டுநர். 1900 ஏப்ரல் 30-ஆம் நாள் விடியுமுன், மிசிசிப்பி மாநிலத்து வாகன் என்னும் ஊரருகே, தம் பாதையில் சரக்கு வண்டி ஒன்று நிற்பது தெரிந்தது. உடனிருந்து கரி போட்ட சிம் வெப் என்பவரைக் குதிக்கச் செய்துவிட்டு, வேகத்தைக் குறைக்கத் தாம் எஞ்சினிலேயே நின்றார். பயணிகள் பிழைத்தனர், அவர் ஒருவரே மாண்டார். எஞ்சின் துடைக்கும் தொழிலாளியான வாலஸ் சாண்டர்ஸ் என்னும் கறுப்பினத்தவர் அவரைப் பாட்டாகப் பாடினார். அப்பாட்டு நாடெங்கும் பரவியது.

டிஸ்னியின் நிறுவனம் 1950-இல் இக்கதையைச் சிறு படமாக்கியது. அதில் ஓட்டுநர் வெள்ளத்தையும் கொள்ளையரையும் வென்று, மோதலிலும் சாகாமல், நொறுங்கிய எஞ்சினோடு ஊர் வந்து சேர்கிறார். கார்ட்டூன் உலகின் நெறி அது: அங்கே விழுந்தவர் எழுவர்.

எஞ்சினை வரைந்தோர் எஞ்சினை நன்கு அறிந்தோர். அந்நிறுவனத்து ஓவியர் வார்டு கிம்பல் தம் வீட்டுத் தோட்டத்தில் முழு அளவு நீராவி எஞ்சினையே ஓட்டினார். டிஸ்னியும் 1950-இல் எட்டில் ஒரு பங்கு அளவினதான எஞ்சினைத் தம் வீட்டில் ஓட்டினார். அடுத்த ஆண்டே டொனால்டு வாத்து தன் தோட்டத்தில் குட்டிப் புகைவண்டி ஓட்டும் படம் வெளிவந்தது.

பின்னர் டீசல் எஞ்சின் வந்தது. தண்டும் மூச்சும் மறைந்தன. நீராவி எஞ்சினை நேரில் காணாத பிள்ளையும் இன்று 'குப் குப்' என்று விளையாடுகிறது என்றால், அதில் இப்படங்களுக்கும் பங்குண்டு. அப்பிள்ளை சிரித்து முடித்தபின், ஆசிரியர் கேசி ஜோன்ஸின் கதையையும் சொல்லலாம். படத்தில் எழுந்து வந்தவர் உண்மையில் எழவில்லை. ஆயினும் அவர் காத்த பயணிகள் வீடு திரும்பினர்.