ஃபியூஸ் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் ஓடும் பழைய டாடா ஏஸ் ஒன்றில், பார்க் லைட் போட்டதும் ஃபியூஸ் போகிறதா? வயரின் உறை தேய்ந்து, செம்பு இரும்பு பாடியைத் தொட்டிருக்கும். பாடி பேட்டரியின் நெகட்டிவ்வோடு இணைந்தது. பல்பைத் தொடாமலே கரண்ட் திரும்பிவிடும். தடுக்க எதுவுமில்லாததால் ஃபியூஸ் உருகும். அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் வயரே தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பை இணையுங்கள். இனி 1.75 ஆம்பியருக்கு மேல் பாயாது. எத்தனை நேரம் தேடினாலும் வயர் சுடாது. பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. வயரை அசைத்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எங்கே கைவைத்ததும் வெளிச்சம் மங்குகிறதோ, கோளாறு அங்கேதான். சேஸிஸ் துளையில் ரப்பர் வளையம் கிழிந்த இடத்தை முதலில் பாருங்கள்.