பழைய பிக்கப்பை இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம்!

கடையில் பழைய தராசு இருந்தால் விளக்கிப் பூஜை அறையில் வைக்கிறோம். முதல் கணக்கு நோட்டைப் பட்டுத் துணியில் சுற்றிப் பாதுகாக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கு நோட்டில் ஏறிய வரவை எல்லாம் ஊர் ஊராகச் சுமந்து சம்பாதித்துத் தந்த வண்டியை மட்டும், கிலோ இத்தனை ரூபாய் என்று பழைய இரும்புக் கடைக்கு அனுப்பி விடுகிறோம். இது சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எங்கள் நிறுவனத்தின் பழைய மகேந்திரா எப்.சி. பிக்கப் ஆனைக்குட்டம் தோட்டத்துக் கொட்டகையில் பல வருடங்களாக நின்றது. ஜீப் எஞ்சினை ஓட்டுநர் பக்கத்திலேயே வைத்து, மூக்கு இல்லாமல் தட்டையாகச் செய்த வண்டி அது. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956 வாக்கில் கொண்டு வந்த அமைப்பு. நம் நாட்டில் 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மகேந்திரா, 1965 முதல் இலகுரக சரக்கு வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. விருதுநகரிலிருந்து மல்லி, வத்தல், பருப்பு, எண்ணெய் டின் என்று சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் கடைகளுக்கு இவ்வகை வண்டிகள் அடித்த நடைக்குக் கணக்கே இல்லை.

வீட்டுப் பிள்ளைகள், "பட்டி பார்த்து, டிங்கரிங் செய்து, பளபளவென்று ஸ்பிரே பெயிண்ட் அடித்து விடலாம்" என்றார்கள். நாம் வேண்டாம் என்றோம். காரணம், கதவில் அந்தக் காலத்து போர்டு ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதிய கடைப் பெயர் மங்கலாக இன்னும் நிற்கிறது. மூட்டை உரசி உரசித் தேய்ந்த பின்பலகை இருக்கிறது. புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக் கொள்ளலாம். பழைய பெயிண்டை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான 'ஃபிவா' வகுத்த ட்யூரின் சாசனமும், வண்டியில் பட்ட காலத்தின் தடங்களை முடிந்தவரை அழிக்காமல் காக்க வேண்டும் என்றே சொல்கிறது.

சுத்தம் செய்யும் முறை

முதல் வேலை, எதையும் தொடாமல் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுப்பது. அடுத்து, காய்ந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கும், ஒயர்களைக் கடித்திருக்கும். ஆகவே பாட்டரியை இணைக்கும் முன் ஒயர் முழுவதையும் பார்த்து விட வேண்டும்.

கழுவுவதற்குச் சலவை சோடாவும் துணி சோப்புத் தூளும் ஆகாது. வாகனங்களுக்கென்றே உள்ள மென்மையான ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் எழுத்தின் நிறம் ஏறினால் உடனே நிறுத்தி விட வேண்டும். எழுத்தின் மேல் பெட்ரோல், தின்னர், பாலிஷ் காம்பவுண்ட் எதுவும் படக்கூடாது. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்பும் வேண்டாம். பெயிண்ட் பொரிந்த இடத்தில் அந்தத் தண்ணீர் உள்ளே புகுந்து பட்டை பட்டையாகப் பெயர்த்து விடும். கழுவி நன்றாகக் காய்ந்த பின் நல்ல மெழுகு பூசினால் போதும்.

வண்டி என்ன சுமந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் டின் ஏற்றிய வண்டியில் சிந்திய எண்ணெயே தகட்டைக் காத்திருக்கும். தூத்துக்குடி உப்பு ஏற்றிய வண்டி என்றால் மடிப்புகளில் உப்பு தங்கி உள்ளுக்குள் அரித்துக் கொண்டிருக்கும். அடிப்பாகத்தை நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காய வைத்து, எண்ணெய் பூச வேண்டும். நம் கரிசல் பூமியின் காய்ந்த காற்று இதற்குப் பெரிய உதவி.

துரு இரண்டு வகை. மேலாகப் படிந்த துருவை மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் எண்ணெய் தொட்டு இலேசாகத் தேய்த்து அப்படியே நிறுத்தி விடலாம். சேஸிஸ், தரைத் தகடு, பிரேக் பைப் ஆகியவற்றை அரித்த துரு வேறு. அங்கே பழமை பார்க்கக் கூடாது. வெட்டி மாற்றியே ஆக வேண்டும்.

நம் பகுதிக்கு முக்கியமான எச்சரிக்கை

துரு மேலும் பரவாமலிருக்க லின்சீட் ஆயில் பூசுவது உண்டு. இந்த எண்ணெய் காற்றுப் பட்டு உலரும்போது சூடு கிளம்பும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக் கொள்ளும். ஈரப் புண்ணாக்கு மூட்டையை நெருக்கி அடுக்கினால் உள்ளே சூடேறுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். பட்டாசும் தீப்பெட்டியும் இருப்பு வைக்கும் ஊர்களில் இதற்குப் பலன் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துணிகளைத் தண்ணீரில் ஊறவிட்டு, மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெளியே வைக்க வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் வேலையைச் சரக்குக் குடோன் பக்கமே கொண்டு வரக்கூடாது. வெல்டிங் வைக்கும் முன் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் அதிக ஆபத்து.

எஞ்சினும் பிரேக்கும்

பல வருடம் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊற வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் வடித்து விட வேண்டும். 2023 முதல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்காமல் ஊறிக் கசியும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவது அவசியம். பிரேக் ரப்பர்கள், ஹோஸ், டயர் ஆகியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். பட்டன் தேயாத டயரானாலும் வயதாகி வெடிப்பு விட்டால் நம்பக் கூடாது.

நிறுத்தும்போது பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்க வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று விடும். பருத்தித் துணியே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021இல் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருடம் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் உள்ள இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' வரிசையில் எண் தரப்படும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 10 வருடம் செல்லும். கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாட உபயோகமும் வாடகை ஓட்டமும் கூடாது. இவ்விதி சொந்த உபயோக வாகனங்களைப் பற்றியது. நம் பிக்கப்கள் பெரும்பாலும் சரக்கு வாகனமாகப் பதிவானவை. ஆகவே பணம் செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து எழுத்தில் பதில் பெறுவது புத்திசாலித்தனம். சாலைக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும், கடை முகப்பில் நிறுத்தி வைக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு அவர்கள். அவர் பெயர் சொல்லும் அறக்கட்டளை கோவை அவிநாசி சாலையில் நடத்தும் ஜீடி கார் மியூசியம் 2015இல் திறக்கப்பட்டது. கோவைக்குச் சரக்கு வாங்கப் போகும் அன்பர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்து வர வேண்டும். அங்கே நிற்பவை பெரும்பாலும் கார்கள். சரக்குச் சுமந்த வண்டிகளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

இரும்பு விலைக்குப் போட்டால் ஒரு முறைதான் பணம் வரும். கதவில் எழுதிய கடைப் பெயரோடு நிற்கும் வண்டியோ, இக்கடை எத்தனை தலைமுறையாக நாணயமாக நடக்கிறது என்பதை வாடிக்கையாளருக்குத் தினமும் சொல்லிக் கொண்டிருக்கும். விற்று விட்டால் அந்தச் சாட்சியை எந்த மார்க்கெட்டிலும் கொள்முதல் செய்ய முடியாது. எனவே அன்பர்கள் தங்கள் கொட்டகைகளை ஒரு முறை திறந்து பார்க்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.