இரண்டு முறை சுட்ட ரொட்டி

வகுப்பில் ஒரு நாள் ஓர் அக்கா கேட்டார். "கடையில் வாங்கிய ரொட்டி 3 நாளில் பூத்துவிட்டது. பூஞ்சையைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்கக் கூடாது. பூஞ்சையின் இழைகள் ரொட்டிக்குள்ளும் ஓடியிருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது.

உடனே இன்னொருவர் கேட்டார். "ரஸ்க்கும் ரொட்டிதானே? அது மட்டும் ஏன் சீக்கிரம் பூப்பதில்லை?"

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லும் பண்டம் ஒன்று இத்தாலி நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் பிஸ்கோட்டி.

பெயரிலேயே விடை

பிஸ்கோட்டி என்றால் 'இரண்டு முறை சுட்டது' என்று பொருள். பழைய இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல் இது. நாம் சொல்லும் பிஸ்கட் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

பூஞ்சை வளர ஈரம் வேண்டும். ஒரு முறை சுட்ட ரொட்டிக்குள் ஈரம் மிச்சம் இருக்கும். அதை நறுக்கி மறுபடி சுட்டால் ஈரம் போய்விடும். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சை வளராது. ரஸ்க்கும் இப்படி இரண்டு முறை சுட்டதுதான்.

அந்தக் காலத்தில் கப்பல்கள் பல மாதம் கடலில் போகும். மாலுமிகள் இப்படிக் காய்ந்த ரொட்டியைத்தான் கொண்டு போனார்கள்.

இத்தாலியில் பிராட்டோ என்று ஓர் ஊர். நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே அந்தோனியோ மத்தேய் என்பவர் 1858ஆம் ஆண்டில் கடை திறந்தார். பாதாம் போட்ட பிஸ்கோட்டி செய்து விற்றார். அதனால் ஊருக்கே பெயர் வந்தது. அங்கே அதை இனிப்பான திராட்சை மதுவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நமக்குத் தேநீர் போதும்.

தேவையான பொருள்கள்

மைதா 250 கிராம்
சர்க்கரை 150 கிராம்
முட்டை 2
தோல் நீக்காத பாதாம் 100 கிராம்
பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

எண்ணெயும் வெண்ணெயும் வேண்டாம். பாதாம் விலை அதிகம். அதற்குப் பதில் வறுத்த நிலக்கடலை போடலாம். பூஞ்சை பிடித்த கடலையைப் போடக் கூடாது. அதில் நஞ்சு இருக்கலாம்.

செய்யும் முறை

முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்துக் கலக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்துச் சேருங்கள். பாதாமைப் போட்டுப் பிசையுங்கள். மாவு உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். கையில் மாவு தொட்டுக்கொண்டு, 2 நீளமான கட்டைகளாக உருட்டுங்கள். மேலே லேசாகத் தட்டி விடுங்கள்.

முதல் சூடு: மின் அடுப்பு இருந்தால் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். இல்லையென்றால் பிரஷர் குக்கர் போதும். குக்கருக்கு ஏற்றபடி கட்டைகளைச் சிறிதாக உருட்டிக்கொள்ளுங்கள். அடியில் ஓர் அங்குலம் காய்ந்த மணல் பரப்புங்கள். அதன்மேல் ஒரு தாங்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். 10 நிமிடம் சூடாக்கிய பின், நெய் தடவிய தட்டில் மாவை உள்ளே வையுங்கள். குறைந்த தீயில் சுமார் 40 நிமிடம் ஆகும். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.

வெளியே எடுத்து 10 நிமிடம் ஆற விடுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். முழுக்க ஆறினால் வெட்டுவது கடினம். விரல் கனத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள்.

இரண்டாம் சூடு: துண்டுகளைத் தோசைக்கல்லில் அடுக்குங்கள். மிகக் குறைந்த தீயில், ஒரு பக்கத்துக்கு 10 நிமிடம் வாட்டுங்கள். மின் அடுப்பு என்றால் 150 டிகிரியில் 20 நிமிடம். நடுவில் திருப்பிப் போடுங்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. உள்ளே ஈரம் நின்றால் பட்ட பாடு வீண்.

தேதி எழுதுங்கள்

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். இறுக மூடி வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும். மழைக்காலத்தில் நமுத்துப் போனால் மறுபடி கல்லில் வாட்டுங்கள். பூத்துவிட்டால் தூக்கி எறியுங்கள்.

செய்த தேதியை ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். எழுதத்தான் கற்றுவிட்டீர்களே! கடையில் வாங்கும் ரொட்டி உறையிலும் தேதி இருக்கும். அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

விடை சொல்லுங்கள்

1. பூத்த ரொட்டியைக் கிள்ளிவிட்டுச் சாப்பிடலாமா? ஏன்?
2. இரண்டாம் முறை சுடுவது எதற்காக?
3. உங்கள் வீட்டில் ஈரம் போக்கிச் சேர்த்து வைக்கும் பண்டங்கள் எவை? மூன்றின் பெயரை எழுதுங்கள்.